மிருவாவின் வாக்கு

மிருவா தீவு கடலுக்குள் போன பிறகும், உலக நாடுகள் பேரவையில் அதன் இருக்கை மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் பிரதிநிதி சஹீரா தூத்துக்குடியில் கணவன் செல்வினோடு வாழ்ந்தாள். வீட்டுச் சுவரிலிருந்த திரை வழியாகவே கூட்டங்களில் கலந்துகொண்டாள்.

அன்று வந்த தீர்மானம் அவள் நாட்டைப் பற்றியது. நிலமில்லாத நாட்டின் இருக்கை நீடிக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஆதரிக்க வேண்டும். இல்லையென்றால், ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் அவள் மக்கள் இனி எந்த நாட்டுக்காரர்களும் இல்லை.

நாடுகள் ஒவ்வொன்றாக வாக்களித்தன. கடைசியில் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. செல்வின் அவள் தோளைத் தொட்டான்.

"விடும்மா. உன்னால ஆனத செஞ்சிட்ட."

"இன்னும் ஒரு நாடு பாக்கி இருக்குங்க," என்ற சஹீரா திரையை நோக்கித் திரும்பினாள். "தலைவர் அவர்களே, மிருவா வாக்களிக்க விரும்புகிறது."

பெரிய நாடொன்றின் பிரதிநிதி குறுக்கிட்டார். "இல்லாத நாட்டுக்கு ஏது வாக்கு?"

தலைவர் விதிகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "முடிவை அறிவிக்கும்வரை மிருவா உறுப்பு நாடுதான். உங்களுக்கும் ஒரு வாக்கு, அவர்களுக்கும் ஒரு வாக்கு. சொல்லுங்கள், மிருவா."

"ஆதரிக்கிறேன்."

இருக்கை நிலைத்தது. அரங்கில் பாதிப் பேர் எழுந்து கைதட்டினார்கள். செல்வின் அழுதுகொண்டே சிரித்தான்.

"வா, மொதல்ல சாப்பிடு."

"இருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள் சஹீரா. "அடுத்தது கடல் எல்லைத் தீர்மானம். அதுல எங்க நாடு பேசணும்."