கடைசி ஐந்து நிமிடம்

விஸ்கி வாசனை போட்ட இனிப்பு சாஸ் பாட்டில் ஒன்று, கரி அடுப்பின் பக்கத்தில் காலையிலிருந்து காத்திருந்தது. அடுப்பின் மேல் ஆட்டு நெஞ்செலும்புக் கறி புகையில் மெல்ல வெந்துகொண்டிருந்தது.

"என்னை எப்பண்ணே தடவுவீங்க? நான் சாதாரண சாஸ் இல்ல, எனக்குள்ள விஸ்கி வாசனை இருக்கு. நான் இறங்கினாத்தான் கறிக்கே மரியாதை" என்றது சாஸ், கறிக்குத் தடவும் பிரஷ்ஷிடம்.

"உனக்கு இனிப்பு ஜாஸ்திடா. முன்னாடியே வந்தா கருகிப்போயிடுவே. கடைசி அஞ்சு நிமிஷம்தான் உனக்கு" என்றது பிரஷ். நாலு மணி நேரமாகக் கறி காயாமலிருக்க உப்புத் தண்ணீர் தடவித் தடவி, பிரஷ்ஷின் முடியில் பாதி பொசுங்கியிருந்தது.

பொறுமையில்லாத சாஸ், தன் வாயிலிருந்து ஒரு சொட்டை நெருப்புப் பக்கம் தள்ளிவிட்டது. விழுந்த வேகத்தில் சொட்டு கரியாகிவிட்டது. சாஸ் சட்டென்று தன் மூடியை இறுக்கிக்கொண்டது.

கடைசியில் பிரஷ் சாஸைத் தொட்டுத் தடவியதும் கறி பளபளத்தது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் விரலைச் சப்பிக்கொண்டே, "இது என்ன சாஸ்?" என்றுதான் கேட்டார்கள்.

சாயங்காலம், புதிதாக வந்த தக்காளி சாஸிடம் விஸ்கி சாஸ் சொன்னது: "அடுப்பு வேலைன்னா சும்மா இல்லப்பா. நாலு மணி நேரம் புகையில நிக்கணும்."

தக்காளி சாஸ் பிரஷ்ஷைப் பார்த்து, "நிஜமாவா அண்ணே?" என்றது.

பிரஷ், விஸ்கி சாஸின் கழுத்தில் வழிந்திருந்ததைத் துடைத்துவிட்டது. "ஆமா தம்பி, நின்னான். என் பக்கத்துலயேதான் நின்னான்."