கீழே விழாத இடம்

பேட்டரி தளர்ந்துபோன செயற்கைக்கோளை அணைக்கும் நாளன்று, ஓய்வுபெற்ற விஞ்ஞானி எழிலரசியைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்திருந்தார்கள். அதிலிருந்த எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி அவரும் சக விஞ்ஞானி தேவசகாயமும் சேர்ந்து உருவாக்கியது. இளமையில் இருவரும் ராட்சத பலூன்களில் கருவிகளைக் கட்டி மேலே அனுப்புவார்கள். அவை ஏதாவதொரு மிளகாய்த் தோட்டத்தில் போய் விழும். ஜீப்பில் தேடிப் போவார்கள். நொறுங்கிய பெட்டியைத் தடவியபடி, "விடு எழிலு, ஒருநாள் கீழ விழாத எடத்துக்கே அனுப்பிருவோம்" என்பார் தேவசகாயம். அனுப்பினார்கள். ராக்கெட் கிளம்பியதைப் பார்க்கத்தான் அவர் உயிரோடு இல்லை.

"கடைசிக் கட்டளைய நீங்களே அனுப்புங்க மேடம்" என்றாள் பொறியாளர் யாழினி.

"இப்ப எதப் பாத்துக்கிட்டு இருக்கு?"

"ஒரு கருந்துளை மேடம். பல மாசமா சத்தமே இல்ல."

எழிலரசி விசைப்பலகையில் கை வைத்தபோது திரையில் ஒரு புள்ளி விழுந்தது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒற்றைக் கதிர். அவர் கையை எடுத்துக்கொண்டார். இன்னொரு புள்ளி விழுந்தது. பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியாதபடி மழையாய்க் கொட்டின. அறையிலிருந்தவர்கள் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"கருந்துளை முழிச்சிருச்சு மேடம்!" யாழினி திரையைச் சுட்டிக் காட்டினாள்.

"பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம்."

"அப்ப சாயங்காலம் அணைச்சுக்கலாம். பாக்கட்டும்."

பக்கத்து மேசையருகே காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்து, திரை தெரியும்படி தன் அருகில் போட்டுக்கொண்டார். அதில் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.