வெள்ளை வட்டம்

உலகப் புற்றுநோய் வரைபடத்தில் எங்கள் வட்டம் வெள்ளையாக இருக்கிறது. பதிவான சாவுகளை வைத்துத்தான் நிறம். சிவந்த ஊர்களுக்கு மாதாமாதம் மருந்து வருகிறது. வெள்ளை ஊருக்கு வராது. இங்கிருந்து கிளம்பிச் சிவந்த ஊருக்குக் குடிபோனாலும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

எங்கள் வட்டத்தை வெள்ளையாக வைத்திருந்தது நான்தான். முப்பது வருடமாக இங்கே இறப்புப் பதிவு என் வேலை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டார் வந்து, "மாரடைப்புன்னு போட்டிருங்கக்கா, வரன் தட்டிப் போயிரும்" என்பார்கள். போட்டுவிடுவேன். என் கணவருக்கும் அதையே போட்டேன். அடுத்த தையில் மகள் முத்தரசிக்குக் கல்யாணம் நடந்தது.

இப்போது முத்தரசிக்கு மார்பில் கட்டி. மருந்து கேட்டு அனுப்பிய விண்ணப்பம் இன்று காலை திரும்பி வந்தது. 'இந்த வட்டத்தில் இந்நோய் இல்லை. ஒதுக்கீடு இல்லை.' அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தன் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் நீதானம்மா எழுதுவே?"

"ஆமா."

"உள்ளதை எழுதிரு."

"பிள்ளைக்கு நாளைக்கு வரன் பாக்கணுமேடி" என்றேன். பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

முத்தரசி சீப்பில் சிக்கியிருந்த மகளின் முடியை எடுத்துச் சுருட்டினாள்.

"வரன் பாக்க அவ இருக்கணும்லம்மா."