கால்மாட்டில் ஒரு கணவர்

கீமோ வார்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கை அந்த டீச்சரம்மாவுக்கு. இருவருக்கும் ஒரே நோய், நிணநீர்ப் புற்றுநோய். புருஷன் வாய்த்ததில்தான் வித்தியாசம்.

அவர் கணவர் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு, அவர் பாதத்தை நீவிக்கொண்டே இருப்பார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாரப்பத்திரிகை படிப்பார். என் வீட்டுக்காரரோ செல்போனை நோண்டுவார். எனக்கு வயிறு எரியும்.

அன்று டீச்சரின் கணவர் டீ வாங்கப் போனதும் கேட்டே விட்டேன்.

"கொடுத்து வச்சவங்க நீங்க. மனுஷன் இவ்வளவு நேரம் பாதத்தை நீவி விடறாரே, போதும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பாதத்தையா?" பத்திரிகை மடியில் விழுந்தது. "ஏசி குளிருக்குக் கையை உள்ளே வச்சிருக்கார்னுல்ல நினைச்சேன். இந்த மருந்து ஏத்தினதுல நரம்பு கெட்டு, பாதத்துல எனக்கு உணர்ச்சியே இல்லைம்மா."

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"அந்த போனை வச்சுட்டு என் காலைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். முரட்டுக் கை. வலியில் உயிர் போனது.

"வலிக்குதா? விட்டுடவா?"

"விடாதீங்க" என்றேன்.