கார்ஸைட் வீட்டு ஆல்பம்

"டாக்டர் ப்ரூவெட், இது நீங்க எழுதினதா?"

டாக்டர் அவசரமாக ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

கேட்ட டிண்டால் லண்டனில் புத்தகம் போடுகிறவர். மழையில் வண்டி போகாமல் லட்லோ என்ற சிற்றூரில் மாட்டிக்கொண்டு, கம்பளி வியாபாரி கார்ஸைட்டின் வீட்டுக்குத் தேநீருக்கு வந்திருந்தார். மேசைமேல் பச்சைத் தோல் அட்டை போட்ட ஆல்பம் கிடந்தது. கார்ஸைட்டின் மகள் பிலிப்பாவுடையது.

அந்தக் காலத்தில் பெண் இருக்கிற வீடென்றால் ஆல்பமும் இருக்கும். வருகிற விருந்தாளி அதில் ஒரு கவிதை எழுதிக் கையெழுத்துப் போடாமல் வாசலைத் தாண்ட முடியாது.

எழுதுவதெல்லாம் பெரும்பாலும் குப்பை. டிண்டாலும் மரியாதைக்குத்தான் புரட்டத் தொடங்கினார். இப்போது தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்துல பனிக்கட்டி உடையுற சத்தம் அப்படியே காதுல கேக்குது! வர்ற கிறிஸ்துமஸ் மலர்ல உங்க பேர் போட்டு அச்சடிக்கிறேன், டாக்டர்."

கார்ஸைட் டாக்டரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "நீர் எழுதுற மருந்துச் சீட்டே ஒருத்தருக்கும் புரியாதேய்யா! உமக்குள்ள இப்படி ஒரு ஆளா?" பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தியா பிலிப்பா? கவிதைங்கிறது ஆம்பளைங்க சமாசாரம்."

பிலிப்பா கேத்தலை இறுகப் பிடித்துக்கொண்டு டாக்டரின் கோப்பையை நிரப்பினாள்.

டாக்டர் கேக்கை விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"என் பேர் வேண்டாம் சார். அன்னிக்கு ஆல்பத்தை என் மடியில வச்சாங்க. எனக்கு வேர்த்துக் கொட்டினதுதான் மிச்சம். மிஸ் பிலிப்பாதான் சாசருக்கு அடியில ஒரு சீட்டை வச்சு நீட்டி, 'இதப் பாத்து எழுதிருங்க'ன்னாங்க. இது அவங்க கவிதை."

டிண்டால் ஆல்பத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"உங்களுக்குமா?" மூலையிலிருந்து இளம் பாதிரியார் ஹாலிஸின் குரல் பரிதாபமாக வந்தது. "எனக்கு மட்டும்தான்னு நெனச்சேனே..."

கடற்படை லெப்டினன்ட் வென் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட பாதிரியாரே, நீருமா! பத்து வருஷம் கப்பல்ல கெடந்தவன் நான். என் பேர்ல இருக்கிற கவிதையில வர்ற அந்தக் கடல் மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல. இந்தப் பொண்ணு கடலையே பாத்ததில்ல சார்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சீட்டு தனக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று மாதக்கணக்கில் ரகசியமாகப் பூரித்திருந்தவர்கள். முதலில் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாதிரியாருக்கும்.

டிண்டால் பக்கங்களை வேகவேகமாகத் திருப்பினார். வேறு வேறு கை, வேறு வேறு மை. பேசுகிறவள் மட்டும் ஒருத்தி.

"மிஸ் கார்ஸைட், உங்க பேர்லயே போடட்டுமா?"

எல்லோரும் கார்ஸைட்டைப் பார்த்தார்கள். அவர் கணப்பில் எரியும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலிப்பா கேத்தலைக் கீழே வைத்தாள். "போடுங்க. முழுப் பேரும்."

"நல்லது. இந்த முதல் பக்கத்த மட்டும் விட்டுடுறேன்." டிண்டாலின் குரல் தணிந்தது. "காலமான மனைவியப் பத்தினது. கீழ உங்க கையெழுத்து இருக்கு, மிஸ்டர் கார்ஸைட்."

லட்லோ முழுக்கத் தெரிந்த கவிதை அது. மேயர் வீட்டு விருந்தில் ஆண்டுதோறும் கார்ஸைட்டை எழுந்து நிற்கவைத்து வாசிக்கச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

கார்ஸைட் நெருப்பிலிருந்து பார்வையைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

"அதையும் பிலிப்பா பேர்லயே போடுங்க சார். எழுதினப்போ அவளுக்குப் பதினாலு வயசு."