அந்தப் பக்கத்து விளக்கு

பாகம் பிரித்த கையோடு கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். மெல்லிய சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். கொத்தனாரிடம் சுவரைப் பற்றித்தான் சொன்னார்கள். ஒயரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பக்கத்துக் கூடத்தில் எரிகிற டியூப்லைட்டுக்கு ஸ்விட்ச், தம்பி மருதப்பன் பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

"போடாதீங்க. இருட்டுல கெடக்கட்டும்" என்றாள் அவன் மனைவி தவமணி.

மருதப்பன் விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டான். அண்ணன் வீட்டார் படுக்கப் போகும்போது அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது, அணைத்தான். நாளடைவில் அதுவே வழக்கமாகிப்போனது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு மட்டும் இல்லை.

ஒருநாள் ஃபேன் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் விஷயம் தெரிந்து சிரித்தான். "அண்ணே, இத அந்தப் பக்கமே மாத்திரலாம். சின்ன வேலைதான்."

"ஃபேன மட்டும் பாரு" என்றான் மருதப்பன்.

ஆவணியில் தவமணியின் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள், பஸ் கிடைக்காமல் நன்றாக இருட்டிய பிறகே திரும்பினார்கள். அண்ணன் வீட்டு ஜன்னல் இருண்டு கிடந்தது. தூங்கியிருப்பார்கள் என்றாள் தவமணி. மருதப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல் கேட்டது.

"வந்துட்டான். இனி சோத்தப் போடு."