முதல் அழுகை

"இன்னும் சத்தமா வைங்க சிஸ்டர். காது கிழியணும்."

ஆபரேஷன் மேஜையில் காதில் ஹெட்போனோடு படுத்திருந்த சில்யே கெஞ்சினாள்.

நர்ஸ் குன்வோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிசேரியனுக்கு வருகிற பெண்கள் பியானோ கேட்பார்கள், அலைச் சத்தம் கேட்பார்கள். இவளோ டிரம்ஸைப் போட்டுப் பொளந்து கட்டுகிற பாட்டாகப் பார்த்துக் கேட்கிறாள்!

"ஏம்மா, இந்தச் சத்தத்துல உன் குழந்தை பயந்துபோய் உள்ளேயே ஒளிஞ்சுக்கப் போகுது!"

சில்யே சிரிக்கவில்லை. மானிட்டரில் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

இந்த அறைக்கான நர்ஸுக்குத் திடீரென்று காய்ச்சல். குன்வோர் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்திருந்தாள். பெண்ணின் பெயரைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியாது.

"முழு மயக்கமே குடுத்திடலாம் குன்வோர். அவளும் அதைத்தான் கேட்டா" என்றார் டாக்டர் எஸ்கில்.

"பயந்தவ வேற எதைக் கேப்பா? பிள்ளையோட முதல் அழுகையைத் தூங்கித் தொலைச்சுட்டு, அப்புறம் காலம் பூரா ஏங்கணுமா? கொஞ்ச நேரம் குடு எஸ்கில். பாட்டுக்குப் பிரஷர் அடங்கலைன்னா உன் இஷ்டம்."

எஸ்கில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சில்யேயின் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் கை கழுவப் போய்விட்டார்.

குன்வோருக்கு மகன் பிறந்தபோது அவள் மயக்கத்தில் கிடந்தாள். அவன் இன்று மீன்பிடிக் கப்பலில் வேலை பார்க்கிறான், தாடியும் வைத்துவிட்டான். அந்தக் குறை மட்டும் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் பாட்டைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

சில்யேயின் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கிக் கேட்டாள்: "கூட யாரும் வரலையா?"

"வெளிய ஒருத்தங்க இருக்காங்க. உள்ள வரவேணாம்னு சொல்லிட்டேன்."

"மாமியாரா?"

சில்யே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குன்வோர் புரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள். அவளுக்கு வாய்த்த மாமியாரும் லேசுப்பட்டவள் இல்லை.

"பாட்டை நிறுத்தாதீங்க சிஸ்டர். தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் நிறுத்தாதீங்க."

"சரிடா கண்ணு" என்று சமாதானத்துக்குச் சொல்லிவைத்தாள் குன்வோர். குழந்தை வெளியே வருகிற நொடியில் பாட்டை நிறுத்துவதுதான் அவள் வழக்கம். தாய் காதில் விழுகிற முதல் சத்தம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். அதற்காகவே பிறகு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்த பெண்கள் உண்டு.

டிரம்ஸ் அதிர்ந்தது. சில்யே கண்ணை மூடி, குன்வோரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். மெல்ல மெல்ல ரத்த அழுத்தம் இறங்கியது. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்ததும் எஸ்கில் வேலையை ஆரம்பித்தார்.

"ஜெயிச்சுட்டோம்மா" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள் குன்வோர்.

திரைக்கு அந்தப் பக்கம் குழந்தையின் தலை தெரிந்தது. குன்வோர் ஹெட்போனைச் சட்டென்று கழற்றினாள்.

"கேளும்மா!"

வீல் என்று ஓர் அழுகை அறையை நிறைத்தது.

"பொண்ணு! என்னமா கத்துறா பாரு!"

"மாட்டுங்க... திரும்ப மாட்டுங்க!" சில்யே டிரிப் ஏறுகிற கையையும் இழுத்துக்கொண்டு காதைப் பொத்தப் பார்த்தாள். பிறகு அவளும் வாய்விட்டுக் கதறினாள். எஸ்கிலின் கை ஒரு கணம் நின்றது.

"சந்தோஷத்துல அப்படித்தான் வரும். அழுதுடும்மா" என்று அவள் நெற்றியைத் தடவினாள் குன்வோர். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "இதோ கொண்டுவந்து உன் நெஞ்சுமேல போடுறேன்."

"வேணாம் சிஸ்டர். வெளிய இருக்கறவங்க அவளை வளர்க்கக் கொண்டுபோக வந்திருக்காங்க... குரலைக் கேட்டுட்டா குடுக்க மனசு வராதுன்னுதான் பாட்டே கேட்டேன்."